எர்த் ரீடிங் சரியாக இருந்தும் போர்டு ஏன் எரிகிறது?

மின்னல் பாதுகாப்பைச் சோதிக்கப் போகும் இடங்களில் அடிக்கடி காதில் விழுவது: "சார், எர்த் ஒரு ஓம்தான் காட்டுது. அப்புறம் எப்படி லிஃப்ட் போர்டும் கேமராவும் போச்சு?" நியாயமான கேள்வி. எர்த் ரீடிங் என்பது மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கும்போது சந்திக்கும் மின்தடை; குறைவாக இருந்தால் நல்லது. பிறகும் ஏன் எரிகிறது என்பதற்குப் பதில் ஒரு பழைய அளவீட்டில் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லுகானோ ஏரியை ஒட்டிய சான் சால்வதோரே மலையில் கோபுரங்கள் அமைத்து, 1940-களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் மின்னலை நேரடியாக அளந்தார் பொறியாளர் கார்ல் பெர்கர். மின்னோட்டம் போகும் வழியில் மிகச் சிறிய மின்தடையை வைத்து, அதில் எழும் மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப்பில் பதிவு செய்வதுதான் முறை. உயரமான கோபுரங்களில் பெரும்பாலும் மின்னல் கீழிருந்து மேலே கிளம்பும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1975-இல் வெளியான தொகுப்பில் மேகத்திலிருந்து இறங்கிய எதிர்மின் மின்னல்களின் முதல் வீச்சுகள் 101 மட்டுமே. இன்றைய தரநிலைகள் பெருமளவு அந்தப் பதிவுகளை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரே மின்னல் அதே பாதையில் பல முறை பாயும்; ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வீச்சு. கண்ணுக்குத் தெரியும் துடிப்பு அதுதான். பெர்கரின் அளவீட்டில் முதல் வீச்சின் இடைநிலை உச்சம் 30 கிலோ ஆம்பியர், அடுத்து வருபவற்றுக்கு 12. முதலாவதுதான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் மின்னோட்டம் ஏறும் வேகத்தைப் பாருங்கள்: முதல் வீச்சில் மைக்ரோ விநாடிக்கு 12 கிலோ ஆம்பியர், அடுத்தவற்றில் 40.

மாடியிலிருந்து மின்னலை மண்ணுக்கு இறக்கும் கம்பியான டவுன் கண்டக்டருக்கு, மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. அந்த வேகத்தில் மீட்டருக்கு 40,000 வோல்ட். முழு மின்னோட்டமும் ஒரே கம்பியில் இறங்கினால் பத்து மீட்டருக்கு 4 லட்சம்! எர்த் டெஸ்டர் குறைந்த அதிர்வெண்ணில் அளக்கும் கருவி. இந்த மின்னழுத்தம் அதற்குத் தெரியவே தெரியாது. பக்கத்துக் கேபிள்களுக்குத் தாவிப் போர்டை எரிப்பது இதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். கேமரா கேபிளை டவுன் கண்டக்டரோடு சேர்த்தே டை போட்டுக் கட்டியிருப்பார்கள். டவுன் கண்டக்டரில் மிச்சமான கம்பியை வெட்ட மனசு வராமல் வளையமாகச் சுருட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இண்டக்டன்ஸை அதிகமாக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இடி எண்ணும் கவுண்டரும் எத்தனை முறை என்று மட்டுமே சொல்லும், ஏறும் வேகத்தைச் சொல்லாது. புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலி எச்சரிக்கைக்கு நல்லது, கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மின்னலைக் கண்டறியும் நிலையங்கள் தரும் ஆம்பியர் அளவு, தொலைவில் பிடித்த மின்காந்த அலையிலிருந்து கணித்தது, பெர்கரைப் போல நேரடியாக அளந்ததல்ல.

அடுத்த முறை சோதனைக்கு ஆள் வந்தால் எர்த் ரீடிங்கோடு இந்த மூன்றையும் கேளுங்கள். டவுன் கண்டக்டர்கள் எத்தனை? கேபிள்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன? போர்டில் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் உண்டா, அதன் இணைப்பு ஒயர்கள் மொத்தமாக அரை மீட்டருக்குள் இருக்கின்றனவா?