இந்த வரிக்குப் பிறகு அது யார் கையில்? மெய்நிகர் டிவைஸ் டிரைவர்களை ரிவ்யூ செய்பவர்களுக்கு

விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அந்த மெஷினை வெளியே இருந்து நடத்தும் ஹைப்பர்வைசரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு பிசிஐ டிவைஸ் வழியாகத்தான் கேட்கிறது. அந்த டிவைஸ் ஸ்லாட்டில் செருகிய அட்டையாக இருக்க வேண்டியதில்லை, ஹைப்பர்வைசர் காட்டும் தோற்றமாகவே இருக்கலாம்; கெர்னலுக்கு இரண்டும் ஒன்றுதான். வெண்டர் ஐடி, ரெஜிஸ்டர்கள் (டிவைஸுக்குக் கட்டளை எழுதும் இடங்கள்), இன்டரப்ட் (டிவைஸ் கெர்னலைக் கூப்பிடும் சைகை) எல்லாம் வழக்கம்போல இருக்கும். இந்த மாதிரி டிவைஸ்களை இயக்கும் கெர்னல் நிரல்களான டிரைவர்களை ரிவ்யூ செய்வது என் வேலையின் ஒரு பகுதி. ரெஜிஸ்டரில் எழுதும் வரிகளை எல்லாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள், ஆஃப்செட் சரியா, பிட் சரியா என்று ஸ்பெசிஃபிகேஷனோடு ஒப்பிட்டு வரிக்கு வரி கமென்ட் போடுகிறார்கள். ஆனால் நடுவில் ஏதாவது தோற்றுப்போனால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பும் கடைசி ஆறேழு வரிகள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரிய ஓட்டைகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன.

இதற்கு நல்ல உதாரணம் அமேசானின் நைட்ரோ என்கிளேவ்ஸ் டிரைவர். 2020 டிசம்பரில் வந்த லினக்ஸ் 5.10-இல் இது சேர்ந்தது. ஒரு விர்ச்சுவல் மெஷின் தன்னுடைய சிபியுக்களிலும் மெமரியிலும் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தானே எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனி அறையை, அதாவது என்கிளேவை, உருவாக்கிக்கொள்கிறது. சாவிகளைக் கையாளும் நிரல் போன்றவற்றை அதற்குள் ஓட்டலாம். இதற்காக ஹைப்பர்வைசர் ஒரு பிசிஐ டிவைஸைக் காட்டுகிறது. டிரைவர் செய்வது எளிமையான வேலைதான்: 240 பைட் அளவுள்ள ஓர் இடத்தில் கோரிக்கையை எழுது, கமாண்ட் ரெஜிஸ்டரில் கமாண்டின் எண்ணைப் போடு, பதில் வந்துவிட்டது என்று இன்டரப்ட் வரும்வரை காத்திரு, இன்னொரு 240 பைட் இடத்திலிருந்து பதிலை எடு. படிக்க அழகாக இருக்கும் நிரல். பேட்ச் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் நிரல் மாற்றம்) பல பதிப்புகள் கண்டு, பொதுவெளியில் பலர் கண்ணில் பட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போனது.

அப்படியும் ஒன்று தப்பியது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2021-3543 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அது. அது இருந்த இடம் டிவைஸோடு பேசும் பகுதியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

யூசர் ப்ரோக்ராம் ஐஆக்டல் (டிரைவரிடம் ஒரு வேலையைக் கேட்கும் சிஸ்டம் கால்) போட்டு "எனக்கு ஒரு என்கிளேவ் உருவாக்கு" என்று கேட்கிறது. டிரைவர் அதை உருவாக்கி, ஒரு ஃபைல் ஆப்ஜெக்டில் வைத்து, எஃப்டி_இன்ஸ்டால் கூப்பிட்டு அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் எண் பட்டியலான டிஸ்கிரிப்டர் டேபிளில் போட்டுவிடுகிறது. அடுத்து, என்கிளேவின் அடையாள எண்ணை யூசர் கொடுத்த முகவரியில் எழுத காப்பி_டு_யூசர் கூப்பிடுகிறது. இந்த இரண்டாவது வேலை தோற்றால்? அதற்கும் நிரல் இருந்தது, ஃபைலின் ரெஃபரன்ஸ்களை (அதை யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை) எல்லாம் விட்டு, கடைசியாக புட்_அன்யூஸ்டு_எஃப்டி கூப்பிட்டது. பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் புட்_அன்யூஸ்டு_எஃப்டி, பெயருக்கு ஏற்றபடி, இன்னும் பயன்பாட்டுக்கு வராத எண்ணைத் திருப்பித் தருவதற்கானது. எண் காலி என்று மட்டும் அது குறித்துக்கொள்ளும், டேபிளில் இருக்கும் ஃபைல் பாயின்டரை (ஃபைல் ஆப்ஜெக்ட் இருக்கும் முகவரியை) தொடாது. ஆக, ஃபைல் ஆப்ஜெக்ட் விடுவிக்கப்பட்டுவிட்டது, அதைக் காட்டும் பாயின்டர் யூசரின் டேபிளில் அப்படியே நிற்கிறது. காப்பி_டு_யூசரைத் தோற்கடிக்க பெரிய திறமை ஒன்றும் வேண்டாம், எழுத முடியாத ஒரு முகவரியை ஐஆக்டலுக்குக் கொடுத்தால் போதும். அப்புறம் விடுவிக்கப்பட்ட அந்த மெமரியில் வேறு ஏதாவது வந்து உட்காரும்போது, பழைய டிஸ்கிரிப்டர் வழியாக அதைத் தொடலாம்.

இதே பிழை, ஏறக்குறைய வரிக்கு வரி, விஎம்வேரின் மெய்நிகர் கிராஃபிக்ஸ் டிரைவரான விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸிலும் இருந்தது. அங்கே 2017-இல் நுழைந்து 2022 ஜனவரியில்தான் வெளிப்பட்டது, சிவிஇ-2022-22942. சாதாரண யூசர் ஒருவர் மற்ற ப்ராசஸ்கள் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களை அடைய முடிகிற அளவுக்குப் போனது. வேறு நிறுவனம், வேறு டிவைஸ், வேறு காலம், எழுதியவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்ல. அதனால் இதைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நாம் ரிவ்யூ செய்யும் முறையிலேயே ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது.

ஒவ்வொரு வரியைத் தாண்டும்போதும் கேட்க வேண்டிய கேள்வி அது: இந்த வரிக்குப் பிறகு இந்தப் பொருள் யார் கையில் இருக்கிறது?

எஃப்டி_இன்ஸ்டால் முடிந்த கணத்தில் அந்த ஃபைல் யூசருடையது. எண் இன்னும் அவருக்குத் திருப்பித் தரப்படவில்லையே என்று நினைக்கக் கூடாது. இன்னொரு த்ரெட் எண்ணை ஊகித்து அதற்குள் குளோஸ் போட்டுவிடலாம், ஆகவே அந்த வரிக்குப் பிறகு டிரைவர் அந்த ஆப்ஜெக்டைத் தொடவே கூடாது, தோற்கக்கூடிய எந்த வேலையும் அதற்குப் பிறகு வரக் கூடாது. நைட்ரோ திருத்தமும் இதைத்தான் செய்தது: காப்பி_டு_யூசரை மேலே நகர்த்தி, எஃப்டி_இன்ஸ்டாலைக் கடைசியில் வைத்தது. புதிதாக எந்தச் சரிபார்ப்பும் சேர்க்கவில்லை, வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டால் ஒரு டிரைவர் முழுக்க இப்படிக் கைமாறும் இடங்கள் கண்ணில் படும். டிவைஸ் கிடைத்ததும் ஓடும் ப்ரோப் ஃபங்ஷனில், இன்டரப்ட்டைப் பதிவு செய்யும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ கூப்பிட்டதும் இன்டரப்ட் ஹேண்ட்லர் எந்தக் கணமும் ஓடலாம், அது தொடும் லாக்கும் வெயிட் க்யூவும் அதற்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும். டிவைஸ் ஃபைலை யூசருக்குக் காட்டும் மிஸ்க்_ரிஜிஸ்டர் முடிந்ததும் யூசர் அந்த ஃபைலைத் திறக்கலாம், ப்ரோப் இன்னும் பாதியில் நிற்பது அவருக்குத் தெரியாது. டிவைஸை விலக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் இதே வரிசை தலைகீழாக ஓட வேண்டும். நான் இதைச் சரிபார்க்க ப்ரோப்பையும் ரிமூவையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் படிப்பேன், ஜோடி சேராத வரி உடனே துருத்திக்கொண்டு நிற்கும்.

டிவைஸுக்குக் கைமாற்றும் இடம் இன்னும் நுட்பமானது. மெய்நிகர் டிவைஸ்களுக்கான பொதுத் தரமான விர்ட்ஐஓவின் டிரைவர்களில் பஃபரின் முகவரியும் நீளமும் 16 பைட் டிஸ்கிரிப்டரில் (இது ஃபைல் டிஸ்கிரிப்டர் அல்ல, பஃபரை விவரிக்கும் குறிப்பு) எழுதப்படும், அதன் எண் டிவைஸ் எடுக்க வேண்டியவற்றின் வட்டப் பட்டியலான அவைலபிள் ரிங்கில் போகும், பிறகு ரிங்கின் இன்டெக்ஸ் ஒன்று கூடும். அந்த இன்டெக்ஸ்தான் கைமாற்றம். அதற்கு முன் எழுதியதெல்லாம் டிவைஸ் கண்ணுக்கு முன்னதாகவே தெரிந்தாக வேண்டும், அதனால் நடுவில் ஒரு மெமரி பேரியர் (முதலில் எழுதியது முதலில் தெரியும்படி காக்கும் கட்டளை) வேண்டும் என்கிறது ஸ்பெசிஃபிகேஷன். எக்ஸ்86 பிராசஸர் மெமரியில் எழுதுவதை வரிசை மாற்றாது என்பதால் பேரியர் விட்டுப்போன நிரல்கூட அங்கே பெரும்பாலும் ஓடிவிடும், ஆர்ம் சர்வருக்குப் போனதும் எப்போதாவது ஒருமுறை குப்பை டேட்டா வரும். "எங்கள் மெஷினில் டெஸ்ட் பாஸ்" என்ற பதிலை இந்த இடத்தில் ஏற்கவே கூடாது. எக்ஸ்86-இலும் முழுப் பாதுகாப்பு கிடையாது: இன்டெக்ஸை எழுதிவிட்டு, டிவைஸைத் தட்டி எழுப்ப வேண்டுமா என்று ஒரு ஃபிளாகைப் படிக்கிறோம் இல்லையா, எழுதியது வெளியே தெரிவதற்குள் படிப்பது முந்திக்கொள்ள முடியும். அங்கே முழு பேரியர் (எழுதுவதோடு படிப்பதையும் வரிசையில் நிறுத்துவது) இல்லையென்றால் டிவைஸ் தூங்கிக்கொண்டிருக்க, டிரைவர் பதிலுக்குக் காத்திருக்க, இரண்டும் அப்படியே நின்றுவிடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஷேர்டு மெமரியிலிருந்து படிக்கும்போது அது இன்னும் எதிராளியின் கையில்தான் இருக்கிறது, நீங்கள் சரிபார்த்த பிறகும் அவர் மாற்றலாம். 2015 டிசம்பரில் ஜென் ஹைப்பர்வைசர் திட்டம் வெளியிட்ட எக்ஸ்எஸ்ஏ-155 அறிவிப்பை இந்தத் துறைக்கு வரும் எல்லாரும் படிக்க வேண்டும் என்பேன். விர்ச்சுவல் மெஷின்களின் கோரிக்கைகளை வாங்கிச் செய்யும் லினக்ஸின் ஜென் பேக்எண்ட் டிரைவர்கள் ஷேர்டு ரிங்கிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து, எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்தின. சி நிரலில் ஒரே ஒரு தடவை படிப்பதுபோலத் தெரிந்த இடத்திலும், லோக்கல் வேரியபிளுக்குப் பதில் கம்பைலர் அதே மெமரியை மறுபடி படிக்கலாம்; சரிபார்த்தது ஒரு மதிப்பு, பயன்படுத்தியது வேறு மதிப்பு. சோர்ஸை எவ்வளவு நேரம் முறைத்தாலும் இது தெரியாது. அதனால் ரிவ்யூவில் நான் கேட்பது இதுதான்: ஷேர்டு மெமரியைப் படிக்கும் ஒவ்வொரு இடத்திலும், கம்பைலரை ஒரே தடவை படிக்க வைக்கும் ரீட்_ஒன்ஸ் இருக்கிறதா, அல்லது மொத்தமும் தனியாக நகலெடுத்து நகலை மட்டும் தொடுகிறார்களா.

"டிவைஸ் ஹைப்பர்வைசருடையது, அதை நம்பாமல் எப்படி?" என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். சரி, சாதாரண விர்ச்சுவல் மெஷினில் ஹைப்பர்வைசர் நினைத்தால் கெஸ்ட்டின் (உள்ளே ஓடும் மெஷினின்) மெமரியை எப்படியும் படிக்க முடியும், அங்கே அந்த வாதம் நிற்கும். கெஸ்ட்டின் மெமரியை மறைத்துக் காக்கும் பிராசஸர் வசதிகளான ஏஎம்டியின் எஸ்இவி, இன்டெலின் டிடிஎக்ஸ் வந்த பிறகு நிற்காது. அவற்றின் நோக்கமே ஹோஸ்ட்டை (வெளியே இருந்து நடத்தும் மெஷினை) நம்பாமல் இருப்பது. அதே விர்ட்ஐஓ டிரைவர்தான் அங்கேயும் ஓடுகிறது. டிவைஸ் சொல்லும் நீளம் நாம் கொடுத்த பஃபரைவிடப் பெரிதா, அது சொல்லும் எண் ரிங்கின் அளவுக்குள் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளும் இப்போது பாதுகாப்புக் கேள்விகள். ஆனால் இறுக்கிப் பிடிப்பதும் லேசான காரியமில்லை. நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு மாற்றம் 2021-இல் விர்ட்ஐஓ ரிங் நிரலில் சேர்க்கப்பட்டு, நீளத்தைத் தவறாகச் சொல்லும் டிவைஸ்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது.

டைம்அவுட்டையும் பார்க்க வேண்டும். நைட்ரோ டிரைவர் ஒரு பதிலுக்கு 120 விநாடி வரை காத்திருக்கும். காத்திருப்பு முடிந்து பிழை என்று திரும்பிவிட்டால் டிவைஸ் அந்தக் கோரிக்கையை மறந்துவிட்டதாக அர்த்தமில்லை. கோரிக்கை இன்னும் அதன் கையில்தான். இந்த வகை டிரைவர் எதுவாக இருந்தாலும் எழுதியவரிடம் கேளுங்கள்: தாமதமாக வந்த பதில், அடுத்த கமாண்டின் பதிலாக எடுத்துக்கொள்ளப்படுமா? டைம்அவுட் ஆன பஃபரை விடுவித்துவிட்டால், டிவைஸ் அதில் பிறகு எழுதுமா? டிவைஸை ரீசெட் செய்தீர்களா, ரீசெட் முடிந்ததென்று திரும்பப் படித்து உறுதி செய்தீர்களா? விர்ட்ஐஓவில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் பூஜ்யம் எழுதினால் மட்டும் போதாது, படித்தால் பூஜ்யம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இல்லாத பேட்ச்களைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

டெஸ்ட் விஷயத்தில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேட்ச் அனுப்புபவர் "என்கிளேவ் உருவானது, ஓடியது, மூடியது" என்று மட்டும் எழுதியிருந்தால், தோல்விப் பாதைகளில் ஒன்றுகூட ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வேண்டுமென்றே ஓட்ட லினக்ஸிலேயே வசதி இருக்கிறது: மெமரி ஒதுக்கீட்டைத் தோற்கடிக்க ஃபெயில்ஸ்லாப், யூசர் காப்பியைத் தோற்கடிக்க 5.10 முதல் ஃபெயில்_யூசர்காப்பி. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் இயக்கிய கெர்னலில் இவற்றைப் போட்டு ஒவ்வொரு ஐஆக்டலையும் சுற்றில் விட்டால், விடுவித்த மெமரியை யாராவது தொட்டால் உடனே கத்தும். இதைக்கூடச் செய்ய நேரமில்லை என்பவர், படிக்க மட்டுமே அனுமதியுள்ள ஒரு பேஜின் முகவரியை ஐஆக்டலுக்குக் கொடுத்து, எரர் வாங்கி, அதே ப்ராசஸின் ப்ராக் டைரக்டரியில் எஃப்டி (ஃபைல் டிஸ்கிரிப்டர்) பட்டியலை ஒரு தடவை பார்க்கட்டும். என்கிளேவோ வேறு எதுவோ, ஐஆக்டல் தோற்ற பிறகு அங்கே புதிதாக ஒரு எண் நிற்கக் கூடாது.