ஒழியாத மரபணுவும் 121 குழந்தைகளும்

கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கிராமங்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம்களுக்காகப் போய்வரும் செவிலியர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், சிக்கிள் செல் நோயோட பிறக்கிற குழந்தைங்க முன்னெல்லாம் பெரும்பாலும் சின்ன வயசுலயே இறந்துடும்னு சொல்றாங்க. அப்படின்னா டார்வின் கணக்குப்படி அந்த மரபணு எப்பவோ அழிஞ்சிருக்கணுமே? ஏன் இன்னும் இருக்கு?"

நல்ல கேள்வி. சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய் (சிக்கிள் என்றால் அரிவாள்). 'வலியது வாழும், மெலியது மாயும்' என்று இயற்கைத் தேர்வைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம் அல்லவா, அந்த வரியில் விட்டுப்போன இடத்தில்தான் இதற்குப் பதில் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலி, 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அதில் ஆறாவது மணி குளூட்டாமிக் அமிலம். டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அந்த இடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜன் குறையும்போது அது பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு பள்ளத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். அது அடுத்ததில், அது அதற்கடுத்ததில் என்று கயிறு கயிறாகத் திரிந்து, சிவப்பணுவையே வளைத்துவிடும். இயல்பான மரபணுவை 'ஏ' என்றும், மாறியதை 'எஸ்' என்றும் வைத்துக்கொள்வோம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் எஸ் வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் கேரியர். வழக்கமாக எந்தத் தொந்தரவும் இருக்காது.

கேரியர் ஒருவரின் ரத்தத்தை நுண்நோக்கியில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தம், அதோடு சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசல். அது ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். மேலே மெல்லிய மூடுகண்ணாடியை வைத்து, காற்று புகாதபடி ஓரங்களை அடைத்தார்கள். முதலில் பார்த்தபோது எல்லாம் வட்ட வட்டமான சிவப்பணுக்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக அணுக்கள் இழுபட்டு, இரண்டு முனையும் கூராகி, பிறைபோல வளைந்து கிடந்தன. அரிவாள் என்று பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, கேள்விக்கு வருவோம். 1949இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து கென்யா மலைக்கு ஓர் ஆய்வுக்குழு போனது. செடிகளையும் பூச்சிகளையும் தேடிப் போனவர்களோடு ஆந்தனி அல்லிசன் என்ற இளைஞரும் ஒட்டிக்கொண்டார். கென்யாவில் வளர்ந்தவர். அவர் சேகரித்தது அங்குள்ள இனக்குழுக்களின் ரத்த மாதிரிகளை. கடலோரத்திலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் எஸ் இருந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மேட்டுநிலத்தில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. கடலோரத்திலும் ஏரிக்கரையிலும் இருந்து, குளிர்ந்த மேட்டில் இல்லாதது எது? கொசு. அதாவது மலேரியா. 1954இல் அவர் இதை ஆதாரங்களோடு வெளியிட்டார். கேரியர்களுக்குக் கொடிய மலேரியா வருவது குறைவு. கிருமி புகுந்த சிவப்பணு எளிதில் அரிவாளாகிவிடுவதும், மண்ணீரல் அதைப் பிடித்துக் கிருமியோடு சேர்த்து அழித்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

(இன்றைக்கு ஒருவர், "மலையடிவாரத்தில் சும்மா ரத்தம் எடுத்துப் பார்க்கப் போகிறேன்" என்று நிதி கேட்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? 'இதனால் உடனடிப் பயன் என்ன' என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமலே ஆள் திரும்பி வந்துவிடுவார்.)

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஓர் ஊரின் மரபணுக்களில் பதினொன்றுக்கு ஒன்று எஸ், மற்ற பத்தும் ஏ. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று கலந்தால் 11 x 11, மொத்தம் 121 குழந்தைகள். அதில் எஸ்-எஸ் ஒரு குழந்தை, கேரியர்கள் 20, ஏ-ஏ 100.

மருத்துவம் இல்லாத காலம். எஸ்-எஸ் குழந்தை பிழைக்கவில்லை. ஏ-ஏ நூறு பேரில் பத்துப் பேரை மலேரியா கொண்டுபோய்விடுகிறது. கேரியர்கள் இருபது பேரும் தப்பிவிடுகிறார்கள். மிச்சம் 90 + 20, ஆக 110 பேர். ஆளுக்கு இரண்டு வீதம் 220 மரபணுக்கள். அதில் எஸ் எத்தனை? கேரியருக்கு ஒன்று வீதம் 20. இருபதை இருநூற்றிருபதால் வகுத்தால் மறுபடியும் பதினொன்றில் ஒன்று!

இத்தனை சாவு விழுந்தும் தராசு முள் அசையவில்லை. எஸ் பக்கம் நோய் அள்ளிக்கொண்டு போனதை ஏ பக்கம் கொசு சரிக்கட்டிவிட்டது. மலேரியா வந்ததால் எஸ் தோன்றியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எழுத்துப்பிழை தற்செயலாக நேர்ந்தது. கொசு இருந்த ஊர்களில் அது அழியாமல் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், கொசுவை ஒழித்துவிட்டோம் என்று வையுங்கள். எஸ்-எஸ் குழந்தை மட்டும் பிழைக்கவில்லை. மிச்சம் 120 பேர், 240 மரபணு, அதில் எஸ் 20. பன்னிரண்டில் ஒன்று. அதே கணக்கை 12 x 12 என்று போட்டால் அடுத்த தலைமுறையில் பதின்மூன்றில் ஒன்று. அதற்கடுத்து பதினான்கில் ஒன்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் கீழ் எண்ணில் ஒன்று கூடும், அதற்கு மேல் நகராது. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். நூற்றில் ஒன்றாகக் குறைய 89 தலைமுறை ஆகும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,225 ஆண்டுகள். சங்க காலத்துக்கும் நமக்கும் உள்ள தூரம். காரணம், எஸ் அரிதாக அரிதாக அது ஏறக்குறைய முழுவதும் கேரியர்களிடமே ஒளிந்துகொள்கிறது. நோயாக வெளியே வந்தால்தான் இயற்கைத் தேர்வின் கண்ணில் படும்.

ஆகவே செவிலியருக்குப் பதில் இரண்டு: நெடுங்காலம் மலேரியா அதைக் காப்பாற்றியது, மலேரியா குறைந்த பிறகும் அது கரைய யுகம் பிடிக்கும். நீலகிரிப் பழங்குடிகளிடம் எஸ் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே கண்டு எழுதிவிட்டார்கள். கிரீஸிலும் சவூதி அரேபியாவிலும்கூட இது உண்டு. மலேரியா இருந்த ஊர்களின் சுவடு இது. 'அவங்க ரத்தமே அப்படி' என்று பேசுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

2023இல் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதித்தவர்களுக்கு முடிவைக் குறித்த அட்டையும் உண்டு. பத்துப் பொருத்தம் பார்க்கத் தரகர், சோதிடர் என்று அலைபவர்கள், இந்த நோய் உள்ள பகுதிகளிலாவது, பதினோராவதாக இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செவ்வாய் தோஷத்துக்காகக் கல்யாணத்தை நிறுத்துகிறவர்களிடம் இதைக் கேட்பதில் தப்பில்லை என்றே எனக்குப் படுகிறது.

கேரியர்கள் இருவர் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதை, "முதல் குழந்தைக்கு வந்துட்டுது, இனி மூணுக்கு வராது" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்களாம். இதைப் புரியவைக்க அந்தச் செவிலியர் கைப்பையில் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகள் வைத்திருக்கிறார். தலை விழுந்தால் ஏ, பூ விழுந்தால் எஸ். புருஷன் கையில் ஒன்று, பெண்டாட்டி கையில் ஒன்று கொடுத்துச் சுண்டச் சொல்வாராம். இரண்டும் பூ விழுகிறவரை காத்திருந்து, "இப்ப மறுபடி சுண்டுங்க, காசுக்குப் போன தடவை என்ன விழுந்துச்சுன்னு தெரியுமா?" என்று கேட்பாராம்.