ஊராரின் இரத்தத்திலிருந்து வந்த மருந்து

ஆரையம்பதியில் இருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: "மகனுக்கு கொவிட் லேசாத்தான் வந்து மாறினது. மூணு கிழமைக்குப் பிறகு திரும்பவும் காய்ச்சல், கண் சிவப்பு, வயித்து நோ. ஆரோ ஆக்கள்ர இரத்தத்தில எடுத்த மருந்து எண்டு ஏத்தினாங்க. வைரஸ் போன பிறகு ஏன் அது?"

வைரஸ்தான் போய்விட்டது, அதை அடிக்கக் கிளம்பிய படை இன்னும் நிற்கவில்லை. கொவிட் வந்து 2 முதல் 6 கிழமைக்குள் சில பிள்ளைகளின் இதயம், குடல், தோல் எல்லாம் ஒன்றாக அழற்சி கொள்ளும். 2020 ஏப்ரலில் இங்கிலாந்து மருத்துவர்கள் இதை முதலில் எச்சரித்தார்கள். மிஸ்-சி என்று பெயர். யப்பானில் தோமிசாகு கவசாகி 1967இல் எழுதிய நோய்க்கு இது கிட்டத்தட்ட உறவு. 2024இல் வந்த ஓர் ஆய்வில், மிஸ்-சி பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் எஸ்என்எக்ஸ்8 என்ற சொந்தப் புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) இருந்தது. வைரஸின் ஒரு துண்டும் அந்தப் புரதத்தின் ஒரு துண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் வந்த வினை.

மருந்தின் பெயர் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்றாகக் கலந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள். கிலோவுக்கு 2 கிராம். 15 கிலோ பிள்ளைக்கு 30 கிராம், அந்த அளவு சேர ஏறக்குறைய முப்பது பேர் கொடுத்த இரத்தம் வேண்டும். எதிர்ப்பொருளால் வந்த வருத்தத்துக்கு இன்னும் எதிர்ப்பொருளா? எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

இரத்தக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் பிளாஸ்மாவை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சியது உள்ளே ஒரு சிறு பைக்குள் போய் அமிலமாகும். அடுத்து அங்குள்ள புரதங்கள் அரைபட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பைக்குள் எஃப்சிஆர்என் என்றொரு ஏற்பி இருக்கிறது. அமிலத்தில் மட்டும் அது எதிர்ப்பொருளின் வாலைப் பிடிக்கும். பிடித்ததை மேலே கொண்டுவந்து இரத்தத்தில் விட்டுவிடும், ஏனென்றால் இரத்தத்தில் அமிலம் இல்லை, பிடி தானாகக் கழன்றுவிடும். இதனால்தான் ஓர் எதிர்ப்பொருள் பல கிழமைகள் உயிரோடு சுற்றுகிறது. ஆனால் ஏற்பிகள் எண்ணிக்கைக்குத்தான் உண்டு. வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையில் (மிதவைப் படகில்) மண்டூர்த் திருவிழாவுக்கு ஒரேயடியாகச் சனம் வந்து இறங்கினால், வழக்கமாக ஏறுகிறவனுக்கும் இடமில்லைதானே? முப்பது கிராம் வந்து குவிந்ததும் அதே கதை: நல்லது கெட்டது பாராமல் மிஞ்சியதெல்லாம் அரைபடும், அதில் பிள்ளையின் கெட்ட எதிர்ப்பொருளும் போய்விடும். வேறு வழிகளும் உண்டு. மிஸ்-சியில் இந்த மருந்து அழற்சியை மூட்டும் இன்டர்லியூக்கின்-1 என்ற பொருளைச் சுரக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைக் குறைப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். எது பெரிய பங்கு என்று வாதம் நடக்கிறது. ஆனால் இந்த ஏற்பியை மட்டும் அடைக்கும் எஃப்கார்டிஜிமோட் என்ற மருந்தே 2021இல் அமெரிக்காவில் தசைச்சோர்வு நோய் ஒன்றுக்கு அனுமதி பெற்றுவிட்டது.

இப்படியொரு ஏற்பி இருக்க வேண்டும் என்று 1964இலேயே சொன்னவர் பிராம்பெல் என்ற விலங்கியலாளர். தாயிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பு எப்படிப் போகிறது என்று முயலை வைத்துப் பார்த்தவர். இன்றைக்கு நம் இலங்கையில் முயல் ஆய்வுக்குக் காசு கேட்டுப்பாருங்கள், சிரிப்பார்கள். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு வந்து, அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானதும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆய்வுகூடத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணினால் சோதித்துப் பார்க்கவும் ஆள் இருக்காது.

அப்புறம் இன்னொன்று, கோபத்தோடுதான் சொல்கிறேன். மேலில் பொரிந்தால் உடனே அம்மாள் என்று வேப்பிலை கட்டி ஒரு கிழமை வீட்டில் வைத்திருக்கிறோம். பார்வை பார்ப்பதென்றால் பாருங்கள், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போங்கள். கவசாகியில் மருந்தில்லாவிட்டால் நாலு பிள்ளைக்கு ஒன்றின் இதயக் குழாய் பலூன் மாதிரி வீங்கும். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது இருபதுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது.

மிஸ்-சியில் கூடவே ஸ்டீரோயிட், சிறிய அளவில் அஸ்பிரின் எல்லாம் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த காய்ச்சலுக்கு நீங்களாக அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக் கசிவு கூடும். பனடோல் போதும். மூன்று வயதில் போடும் எம்எம்ஆர் ஊசியையும் ஏறத்தாழ 11 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள், அதில் உள்ள பலவீனமான வைரஸ்களை ஊரார் கொடுத்த எதிர்ப்பொருள் முதலிலேயே அழித்துவிடும் என்பதால். மருந்து ஏற்றிய திகதியைப் பிள்ளையின் அட்டையில் எழுதச் சொல்லி, மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டிவிடுங்கள்.