‘பிளஸ் பிளஸ்’ என்றால் எவ்வளவு? வெளிநாட்டு ஹோட்டல் வாடகையில் கவனிக்க வேண்டியவை

சிங்கப்பூர் சென்று திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஹோட்டல் பில்லை என் மேசையில் விரித்து வைத்து, “ஓர் இரவுக்கு 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றுதானே போட்டிருந்தார்கள்? நான்கு இரவுக்கு 800 வர வேண்டிய இடத்தில் 959 வெள்ளி 20 காசு வாங்கிவிட்டார்களே” என்று கேட்டார். விமானச் சீட்டை மட்டும் எங்கள் பயண முகமையில் எடுத்துக்கொண்டு, அறையை இணையத்தில் அவரே பதிவு செய்திருந்தார். பில்லில் தவறு ஒன்றும் இல்லை. அவர் பார்த்த 200-க்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தன. அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை.

அந்தக் குறிகளைத்தான் எங்கள் தொழிலில் ‘பிளஸ் பிளஸ்’ என்கிறோம். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது ஜி.எஸ்.டி. சிங்கப்பூரில் அந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 9 சதவீதம். வரி வாடகையின் மீது மட்டுமல்லாமல் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மீது விழுவதால், 200 வெள்ளி முதலில் 220 ஆகி, பிறகு 239.80 ஆகிறது. சிங்கப்பூர்க் கடைகளில் வரியைச் சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. கடையில் விலைச்சீட்டை நம்பிப் பொருள் வாங்கியவர் ஹோட்டலில் திகைத்து நிற்பதற்கு இதுதான் காரணம். தாய்லாந்திலும் இதே வழக்கம்தான். அங்கே 10 சதவீத சேவைக் கட்டணத்தின் மேல் 7 சதவீத வாட் வரி சேர்ந்து மொத்தம் 17.7 சதவீதம் கூடும்.

இவை தவிர, தங்குவதற்கென்றே விதிக்கப்படும் வரிகளும் உண்டு. மலேசியா 2017 முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறது. இரண்டு அறை எடுத்து ஐந்து இரவு தங்கும் குடும்பத்துக்கு அது 100 ரிங்கிட். வாடகையை முன்கூட்டியே செலுத்தியிருந்தாலும் இதைப் பல ஹோட்டல்கள் வரவேற்பு மேசையில் தனியாகக் கேட்கும். துபாயில் ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை வாங்குகிறார்கள். அமெரிக்காவில், குறிப்பாக லாஸ் வேகஸில், ‘ரிசார்ட் ஃபீ’ என்ற பெயரில் கடைசியில் தொகை கூடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையையே காட்ட வேண்டும் என்ற விதி அங்கே 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசு வரிகளை அப்போதும் தனியாகக் காட்டலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இனி தள்ளுபடிக்கு வருவோம். ‘50 சதவீதம் குறைவு’ என்று பார்த்ததும் நாம் கேட்க வேண்டியது, எந்த விலையில் பாதி என்பதைத்தான். ஹோட்டல் அறைக்கு நிலையான விலை என்று ஒன்று கிடையாது. ஒரே அறை நாளுக்கு நாள் வேறு விலைக்குப் போகும். சிங்கப்பூரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் வாரத்தில் மெரினா பே பகுதியின் வாடகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கோடு போட்டு அடித்துக் காட்டப்படும் பழைய விலை அப்படிப்பட்ட உச்ச நாளின் விலையாகவோ, ஹோட்டலின் பட்டியலில் மட்டும் இருக்கும், எவரும் கொடுக்காத ‘ரேக் ரேட்’டாகவோ இருக்கலாம். எனவே சதவீதத்தை விட்டுவிட்டு, அதே அறையை, அதே நாட்களுக்கு, அதே நிபந்தனைகளோடு, எல்லா வரியும் சேர்ந்த கடைசித் தொகையில் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். எங்களுக்கு மொத்த விற்பனையாளர்கள் தரும் ‘நெட் ரேட்’டில் எங்கள் லாபத்தைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறோம்; சில நாட்களில் ஹோட்டலின் சொந்தத் தளம் தன் உறுப்பினருக்குத் தரும் விலையை எங்களால் எட்ட முடியாது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

விலை குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் நிபந்தனைதான் காரணம்: காலைச் சிற்றுண்டி சேராது, அல்லது ரத்து செய்தால் பணம் திரும்பாது. விசா கைக்கு வராத நிலையில் பணம் திரும்பாத அறையை எடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இலவச ரத்து என்றாலும் கெடு நேரம் ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. மாலை 6 மணி வரை ரத்து செய்யலாம் என்று படித்த ஒரு குடும்பம் இங்கே மாலை 5 மணிக்கு ரத்து செய்து, ஓர் இரவு வாடகையை இழந்தது. கெடு இந்திய நேரப்படி மூன்றரைக்கே முடிந்திருந்தது.

கடைசியாக, அறையைக் காலி செய்யும்போது அட்டையைத் தேய்ப்பவர், “இந்திய ரூபாயிலேயே போடட்டுமா?” என்று கேட்பார். வசதியாகத் தோன்றினாலும், அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் லாபம் ஏற்றப்பட்டிருக்கும். உள்ளூர் நாணயத்தில் செலுத்தினாலும் பெரும்பாலான இந்திய அட்டைகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கும், இருந்தும் பொதுவாக அதுவே மலிவு. கையெழுத்திடும் முன் சீட்டைப் பாருங்கள்; நீங்கள் கேட்காமலே ரூபாயில் போட்டிருந்தால், அதை ரத்து செய்து உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லுங்கள்.