புதிய வாழ்வு இயக்கம்: பொத்தான் முதல் நாணம் வரை, 1934இல் சீன அரசு வகுத்த விதிகள்

1934 பிப்ரவரி 19 அன்று ஜியாங்சி மாகாணத்தின் நான்சாங் நகரில் அப்போது சீன அரசை வழிநடத்திய சியாங் கை ஷேக் புதிய வாழ்வு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதே மாகாணத்தில் கம்யூனிஸ்டுகள் தனி ஆட்சி நடத்திவந்த நேரம் அது. படையை அனுப்பி ஊரைப் பிடித்தால் மட்டும் போதாது, மக்களின் பழக்கவழக்கமும் மாற வேண்டும் என்று அவர் கருதினார்.

முறைமை, நீதி, கைச்சுத்தம், நாணம் (தவறு செய்ய வெட்கப்படுவது) என்ற நான்கு பண்புகளே அடிப்படை. உடுப்பது, உண்பது, குடியிருப்பது, நடமாடுவது என எல்லாவற்றிலும் இவை வெளிப்பட வேண்டும். முதல் கட்டத்தில் ஒழுங்கு, தூய்மை இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தொண்ணூறுக்கும் மேற்பட்ட விதிகள் வெளியிடப்பட்டன. சட்டைப் பொத்தான்களைப் போட்டிருக்க வேண்டும், தொப்பி நேராக இருக்க வேண்டும். கண்ட இடத்தில் துப்பவோ சிறுநீர் கழிக்கவோ கூடாது. சாப்பிடும்போது சத்தம் வரக்கூடாது. நடந்துகொண்டே புகைக்கக் கூடாது. சாலையில் இடப்பக்கமாகப் போக வேண்டும். ஈ, எலிகளை ஒழிக்க வேண்டும்.

முதலில் தான் திருந்தி, பிறகு பிறரைத் திருத்த வேண்டும். எளிதானதில் தொடங்கிக் கடினமானதற்குப் போக வேண்டும். ஏட்டில் இருந்த வரிசை இதுதான். நடைமுறையில் போலீசாரும் மாணவர்களும் சாரணர்களும் தெருவில் நின்று வருவோர் போவோரைத் திருத்தினார்கள். கோளாறு இங்கேதான் தொடங்கியது. அவிழ்ந்த பொத்தான் தெருவில் நிற்பவர் கண்ணில் படும். அலுவலகத்துக்குள் வாங்கும் லஞ்சம் படாது. அதனால் நான்கு பண்புகளில் நாட்டுக்கு மிகவும் தேவைப்பட்ட கைச்சுத்தம்தான் சோதனைக்கே வரவில்லை.

வறுமை இன்னொரு தடை. களஞ்சியம் நிறைந்தால்தான் மக்களுக்கு முறைமை தெரியும், சோறும் துணியும் இருந்தால்தான் மானம் தெரியும் என்பது சீனத்தின் பழைய வாக்கு. சியாங் இதை மறுத்தார். பண்பு இருந்தால் இல்லாத சோற்றையும் துணியையும் உழைத்துத் தேடிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். மாற்றுத் துணியே இல்லாத குத்தகை விவசாயியிடம் இந்த வாதம் எப்படி எடுபடும்? நிலமும் குத்தகையும் அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. விதிப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

1936இல் பெண்கள் பிரிவுக்குச் சியாங்கின் மனைவி சூங் மேலிங் பொறுப்பேற்றார். 1937இல் ஜப்பானியப் படையெடுப்பு முழுப் போராக வெடித்ததும், காயம்பட்ட வீரர்கள், அகதிகள், அநாதைக் குழந்தைகளுக்கான உதவிப் பணிக்கு இயக்கம் திரும்பியது. உண்மையில் அதிகம் பயன்பட்டது இந்தப் பகுதிதான். 1949இல் சியாங்கின் அரசு சீனப் பெருநிலத்தை இழந்தபோது இயக்கமும் நின்றுபோனது.