சப்பாத்தி மருந்து இல்லை

“சோத்தைத் தொட்டே ஆறு மாசம் ஆச்சு சார். ராத்திரி வெறும் சப்பாத்திதான். அப்படியும் சுகர் ஏறுதுன்னா மாத்திரைதான் சரியில்ல.”

கடலூர் முதுநகரிலிருந்து போன வாரம் வந்தவர் சொன்னது. கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10.4; ரொம்ப அதிகம். ஒரே வாரத்தில் இதே பேச்சை நான் கேட்பது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எத்தனை சப்பாத்தி என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்த மனைவி சொல்லிவிட்டார்: “அஞ்சு சார். உருளைக்கிழங்கு குருமாவோட.”

நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கப் சோற்றில் 40, 45 கிராம். ஐந்து சப்பாத்திக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கப் சோறு வந்துவிடுகிறது. அதன்மேல் உருளைக்கிழங்கு வேறு. ஆறு மாதமாக ஆசைப்பட்ட சோற்றையும் விட்டு, சர்க்கரையையும் குறைக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அது சர்க்கரையை இறக்கும் பொருள் ஆகிவிடாது. கேழ்வரகும் அப்படியே. மாவாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, காலையில் இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு ஓர் அடை சுட்டுச் சாப்பிடுவது வேறு. வெல்லம், கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரைதான். இதை இனி என்னிடம் வாதாட வேண்டாம்.

தானியத்தின் பெயரை விடுங்கள், தட்டைப் பாருங்கள். பாதித் தட்டு காய்: அவரை, சுரை, வாழைத்தண்டு, கீரை, எது கிடைக்கிறதோ அது. கால் தட்டு மீனோ முட்டையோ பயறோ. துறைமுகத்து மத்தியும் நெத்திலியும் குழம்பில் கொதிக்கும் ஊர் இது, புரதத்துக்கு விலை உயர்ந்த பவுடர் டப்பா எதற்கு? மீதிக் கால் தட்டில் சோறு. ஆம், சோறுதான். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் இரண்டு சுளை சாப்பிடலாம், அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில், புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டுக்கு 11.4. அதே சாப்பாட்டைச் சாப்பிடும் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். நமக்கு மட்டும் வேறாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நடை விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில். சாப்பிட்டதும் சாயாமல் பத்து, பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு குறையும். சில்வர் பீச்சில் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வடையும் என்றால் நடந்தது வீண். நெஞ்சுவலியோ கண் விழித்திரைப் பிரச்சினையோ இருப்பவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தயவுசெய்து மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கால் மரத்துப்போனவருக்குக் கிளிஞ்சல் கிழித்ததே தெரியாது. பத்து நாள் கழித்து வீக்கத்தோடு வருகிறார்கள். சில சமயம் விரலை எடுக்க வேண்டியதாகிறது. அந்தச் செய்தியைச் சொல்வது எனக்குப் பழகவே இல்லை.

உணவைத் திருத்தியாயிற்று என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். எடை குறைந்தால் நாங்களே குறைப்போம், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறோம். இன்சுலினோ, சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழவிடும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் நடக்கப் போகும்போது பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை வைத்திருங்கள். வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள்.

அடுத்த முறை ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டை, தட்டில் பரிமாறியதும் செல்போனில் படம் எடுத்து வாருங்கள். சமைப்பவரையும் கூட்டி வாருங்கள்.