முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

முழங்கால் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு, "எலும்பும் எலும்பும் உரசுதாம், ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?" என்று கேட்டு என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்கள் பலர். படம் மட்டும் அதை முடிவு செய்யாது. படத்தில் மோசமாகத் தேய்ந்த மூட்டோடு கோயில் பிராகாரத்தைச் சுற்றி வருபவர்களும் உண்டு. ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, தெருமுனைக் கடைவரை போய்வர முடிகிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். எடையைக் குறைத்து, தொடைத் தசைக்கான பயிற்சியைச் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே சுருங்கிப்போனால், தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தும் மூட்டு மாற்று ஆபரேஷன் நல்ல முடிவுதான். செயற்கை மூட்டு பெரும்பாலானவர்களுக்கு 20 வருடத்துக்கு மேலேயே தாங்குகிறது. செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: முழங்காலில் பொருத்தும் இந்தச் செயற்கை மூட்டுகளுக்கு (இம்ப்ளான்ட்) மத்திய அரசு 2017-இல் விலை உச்சவரம்பு வைத்தது. சர்க்கரை இருந்தால் அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்; இல்லாவிட்டால் புண்ணில் கிருமி சேரும் ஆபத்து கூடும்.

ஆபரேஷன் முடிந்ததும் பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிடுவார்கள். சிக்கல் வீட்டுக்குப் போன பிறகுதான். வலியில் முனகும் அம்மாவுக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். பாசம்தான், புரிகிறது. ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். தலையணைக்குப் பதில், துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தானாகக் கீழே இறங்கட்டும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, முழங்காலால் மெத்தையை அழுத்தச் சொல்லி, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே உங்கள் விரல்களை நுழைத்துப் பாருங்கள். விரல் தாராளமாகப் போனால் கால் இன்னும் முழுதாக நேராக நீளவில்லை.

எல்லோரும் "எவ்வளவு மடங்குது?" என்றே கேட்கிறார்கள். இரண்டு வாரத்தில் 90 டிகிரி வந்தால் நல்லது, சரி. ஆனால் நேராக நீளாத கால் நொண்டும், தொடையும் சீக்கிரம் களைத்துவிடும். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும், மூட்டு சில மாதம் கதகதப்பாக இருப்பதும் சகஜம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.